கொக்கு வாய் திறக்கும் இடம்

இன்று காலை பஸ் பாஸைத் தேடிப் பையைக் கவிழ்த்தபோது ஒரு ஃபாரம் வந்து விழுந்தது. ஒரே தாளில் அச்சடித்த புத்தகப் பக்கங்கள், பதினாறு பக்கம், மடித்தது மடித்தபடி. ஒரு மூலை மட்டும் யாரோ மென்று துப்பியதுபோலக் கசங்கியிருந்தது. பிரித்துப் படித்தேன். வாழைக்கு எப்போது சாம்பல் இட வேண்டும் என்று மலையாளத்தில் மிகுந்த அக்கறையோடு எழுதியிருந்தது. சிரிப்பு வந்தது. உன்னிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பஸ் போய்விட்டது.

உனக்குக் கடிதம் எழுதுவது வீண் வேலை என்று தெரியும். உயிரோடு இருந்தபோதே நான் அனுப்பிய மெசேஜ் எதையும் நீ முழுசாகப் படித்ததில்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். இப்போது மட்டும் என்ன கிழிக்கப் போகிறாய்? ஆனாலும் இந்தச் சண்டையை உன்னிடம்தான் போட வேண்டும். வேறு யாரிடம் போட்டாலும் ‘பாவம் அவன்’ என்று முடித்துவிடுகிறார்கள்.

பாலிடெக்னிக்கில் பிரிண்டிங் படித்துக்கொண்டிருந்த நம் இருவரையும் டிரெயினிங்குக்கு என்று சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அந்த அச்சகத்துக்கு அனுப்பினார்கள். உனக்கும் எனக்கும் கேதரிங் மிஷின். அன்று சாயங்காலம் கிள்ளிப்பாலத்தில் உன் வீட்டில் போய்ச் சொன்னபோது உன் அம்மா, என் சித்தி, அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“கேட்டரிங்கா? நல்லதாப் போச்சுலே. கல்யாண வீட்டுல பிரியாணி மிஞ்சினா ஒரு பாத்திரத்துல கொண்டுட்டு வா.”

நீ திருத்தவில்லை. மறுநாளிலிருந்து காலி டிபனை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். சாயங்காலம் காலி டிபனையே திருப்பிக் கொடுத்து, “இன்னைக்குப் பந்தி பெருசும்மா, ஒண்ணும் மிஞ்சல்ல” என்று முகத்தைத் தொங்கப் போட்டாய். ஒரு வாரம் சித்தி நம்பினார். உண்மை தெரிந்த அன்று அந்த டிபனாலேயே உனக்கு ஒன்று விழுந்தது. அப்போதும் நீ விடவில்லை. “சத்தியமா பந்திதான்ம்மா. கல்யாண வீட்டுல இலை நிக்கும், பரிமாறுகவன் நடப்பான். இங்க பரிமாறுகவன் நிப்பான், இலை நடக்கும்.”

அதில் பொய் இல்லை என்பதுதான் எரிச்சல். அந்த மிஷினை யாராவது என்னிடம் விளக்கச் சொன்னால் இன்றும் இதைத்தான் சொல்கிறேன். எட்டுப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். முதல் பெட்டியில் புத்தகத்தின் முதல் பதினாறு பக்கம், அடுத்ததில் அடுத்த பதினாறு பக்கம், இப்படியே கடைசிவரை. கீழே சங்கிலி ஓடும். ஒவ்வொரு பெட்டியையும் கடக்கும்போது ஒரு ஃபாரம் வந்து விழும். கடைசிப் பெட்டியைத் தாண்டும்போது ஒரு முழுப் புத்தகம் சேர்ந்திருக்கும். பசையும் அட்டையும் மட்டும் பாக்கி. ஒரு பெட்டி பரிமாறத் தவறினால் ‘மிஸ்’. இரண்டாகப் பரிமாறினால் ‘டபுள்’.

ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே ஃபாரத்தைப் பிடித்து இழுக்க ஓர் இரும்புப் பிடி உண்டு. அதற்கு நீ வைத்த பெயர் கொக்கு. வேலை இல்லாத நேரமெல்லாம் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாய். சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கொக்காகவே மாறி என் டிபனிலிருந்து பொரித்த மீனைத் தூக்குவாய். கை குனியும், கொத்தும், கீழே இழுக்கும், ஓர் இடத்தில் டக் என்று வாயைத் திறக்கும், மீன் உன் தட்டில் விழும், கொக்கு நிமிரும். பைண்டிங் அறை லதா சேச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். மீன் என்னுடையது என்பதால் எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

அந்த அச்சகத்துக்கு ஒரு கெட்ட வழக்கமும் இருந்தது. ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் கரண்டு போவதும் வருவதுமாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் நடந்து போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்துவானேன் என்று, மடித்த அட்டைத் துண்டு ஒன்றை அந்தப் பொத்தானில் இறுக்கிச் செருகி வைத்திருந்தார்கள். கரண்டு வந்தால் மிஷின் தானாகவே ஓடும். அதனால் ஆபரேட்டர் சதாசிவன் சேட்டன் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார்: முதலில் மெயின் சுவிட்ச், அப்புறம்தான் மிஷினுக்குள் கை.

“எடா, கரண்டு போயா ஆத்யம் மெயின் இறக்கணும். பின்னேதான் கை. மனசிலாயோ?”

“ஆத்யம் மெயின், பின்னே கை, பின்னே சாயா” என்று அவர் குரலிலேயே திருப்பிச் சொன்னாய். அவர் அடிக்க ஓங்கியதும் அவருடைய சிரிப்பையும் அவர் குரலிலேயே சிரித்துக் காட்டினாய். அவரும் சிரித்துவிட்டார். மெயினை இறக்குவது எப்போதும் அவர்தான். இறக்கிவிட்டு எதிர்க் கடைக்குப் போய் ஒரு சாயா குடிப்பார். அதனால் கரண்டு போய் சேட்டனும் இல்லை என்றால் மெயின் இறங்கிவிட்டது என்று அர்த்தம். நம் இருவருக்கும் அது மனப்பாடம்.

அந்த வாழைப் புத்தகம் ஓடிய நாளில் காலையிலிருந்தே மழை. காகிதம் ஈரத்தைக் குடித்து அப்பளம்போல வளைந்திருந்தது. எந்தப் பெட்டியும் ஒழுங்காகப் பரிமாறவில்லை. ஒன்றில் மிஸ், அடுத்ததில் டபுள். ஏதோ விவசாயிகள் கூட்டத்துக்குப் புத்தகம் போய்ச் சேர வேண்டும் என்று முதலாளி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். மத்தியானம் கரண்டு போனது. அதே நேரம் முதலாளி வாசலிலிருந்து கத்தினார்: காகித லோடு நனைகிறது, தார்ப்பாய் பிடிக்க ஓடி வா. சேட்டன் மெயினை இறக்காமல் அப்படியே ஓடினார். மழை இரைச்சலில் உனக்கு அது கேட்கவில்லை; நீ அவர் சாயாவுக்குப் போனதாக நினைத்தாய். நான் சேர்ந்த புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு பைண்டிங் அறைக்குப் போயிருந்தேன்.

ஐந்தாம் பெட்டியில் ஒரு ஃபாரம் கசங்கி மாட்டியிருந்தது. அதை எடுக்க நீ கையை உள்ளே விட்டாய்.

நான் திரும்பி வந்து கதவருகில் நின்றபோது மேலே டியூப் லைட் கண்ணடித்தது. மிஷின் ஒரு மூச்சு இழுத்தது. நீ “லே” என்றாய். அவ்வளவுதான்.

சிவப்புப் பொத்தானில் என் உள்ளங்கை விழுந்தது. மிஷின் நின்றது. உன்னிடம் ஓடுவதற்காகக் கையை எடுக்கப் போனேன். அப்போதுதான் பக்கத்துப் பச்சைப் பொத்தானில் அந்த அட்டை கண்ணில் பட்டது. சிவப்பை விட்டால் அது மறுபடி ஓடும். ஒரு கையால் சிவப்பை அமுக்கிக்கொண்டே மறு கையால் அட்டையைப் பிடுங்கினேன். ஈரத்தில் ஊறி, நகத்துக்கு நார் நாராக வந்ததே தவிர முழுசாக வரவில்லை. நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பல்லால் கடித்து இழுத்தேன். வந்தது. பிறகு மெயினை இறக்கினேன்.

உன் வலது கை மணிக்கட்டுவரை உள்ளே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தமிழ் ஆராதனைக்குக் கீபோர்டு வாசிக்கிற கை.

லதா சேச்சி ஓடி வந்து பார்த்து, “எண்டம்மே” என்று தலையில் கை வைத்தார். கூட வந்த பெண்ணை சேட்டனைக் கூப்பிட்டு வர விரட்டினார். தகரக் கூரையில் மழை. நாங்கள் கத்தினால் எங்களுக்கே கேட்கவில்லை.

“சேட்டன் வந்து போல்ட்டைக் கழட்டட்டும்” என்றேன்.

“எப்ப வருவாரு?”

“இப்ப வந்துருவாரு.”

“பொய் சொல்லாத. விரல் மரத்துட்டு வருதுலே.”

உன் விரல்நுனி மட்டும் பெட்டியின் அடியில் தெரிந்தது. நீலம் பாய்ந்திருந்தது. மோட்டார் பக்கம் ஒரு கைச்சக்கரம் உண்டு. மின்சாரம் இல்லாமல் மிஷினைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவதற்கு. அதை நினைத்தது நான். எந்தப் பக்கம் சுற்றுவது என்பது தெரியாதவனும் நான். சக்கரத்தின் அருகே போய்விட்டால் உன்னைப் பார்க்க முடியாது, நடுவில் பெட்டிகள் மறைக்கும். குரல் மட்டும்தான்.

“புறகோட்டு திரிக்கு மோனே, புறகோட்டு!” லதா சேச்சி கத்தினார். போன வழியே திரும்பி வர வேண்டும். யாருக்கும் அப்படித்தானே தோன்றும். பின்பக்கமாக ஒரு நூல் அளவு சுற்றினேன். நீ அலறினாய். கசங்கிய காகிதம் உன் விரலுக்குப் பின்னால் கட்டியாக அடைத்திருந்தது; திரும்பி வர வழியே இல்லை.

அலறல் நின்றதும் உன் குரல் வந்தது.

“முன்னால சுத்து.”

“என்னது?”

“முன்னால சுத்துலே. இன்னும் கொஞ்சம் கீழ போனா அது வாய் திறக்கும்.”

“வேண்டா! கை போகும்!” என்றார் சேச்சி. அவர் சக்கரத்தின் மேல் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார். முன்னால் சுற்றினால் கொக்கு உன் கையை இன்னும் உள்ளே இழுக்கும். அது எனக்கும் தெரியும். நீ சொன்ன இடத்தில் வாய் திறந்தால் கை வரும். திறக்காவிட்டால் கையை நானே அரைத்தவன் ஆவேன்.

நம் பழக்கத்தில் நீ சொன்ன எதை நான் நம்பியிருக்கிறேன்? பள்ளிக்கூடத்தில் நாளை லீவு என்றாய். நான் மட்டும் போகவில்லை. ஐஸ் பெட்டியில் சர்பத் இருக்கிறது என்றாய். குடித்துப் பார்த்தால் கஞ்சித் தண்ணி. உன் வாயில் ஒரு வார்த்தை உள்ளே போனால் வாலும் கொம்பும் முளைத்துத்தான் வெளியே வரும். ஆனால் அன்று நீ சொன்ன வாக்கியத்தில் எதையும் நீ திருகவில்லை. வால் இல்லை, கொம்பு இல்லை. அதனாலேயே நம்பினேன்.

“சேச்சி, கையை எடுங்க” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

சுற்றினேன். சக்கரம் பழையது, கனம். மிஷினுடைய கனம் ஒரே சீராக இருந்தது. திடீரென்று அதற்குள் வேறு ஒரு கனம் சேர்ந்தது. மெத்தென்று. அது உன் கை. என் உள்ளங்கைக்கு அது தெரிந்துவிட்டது. நின்றுவிட்டேன்.

“நிக்காத” என்றாய். “எதாவது பேசிட்டே சுத்து. நீ நின்னா எனக்குப் பயமா இருக்கு.”

ஒரு நாள் முழுக்க மூடாத வாய் எனக்கு. அந்த ஒரு நேரத்துக்கு ஒரு சொல் இல்லை. எதிரே ஸ்டூல் மேல் ஃபாரக் கட்டு இருந்தது. மேலே இருந்ததை உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். வாழைக் குழியை மழைக்கு முன்பே எடுத்து ஆறப்போட வேண்டும். கன்றின் வேரைச் சீவி வெயில் படாமல் வைக்க வேண்டும். குழியில் காய்ந்த சாணத்தை மண்ணோடு கலந்து நிரப்ப வேண்டும். மலையாளத்தில் படித்தேன், நடு நடுவே தமிழாகிவிட்டது, லதா சேச்சி கர்த்தாவையோ பகவதியையோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார், நான் சுற்றிக்கொண்டிருந்தேன். நீ ‘ம்’ என்றாய். பிறகு ‘ம்’ என்றும் சொல்லவில்லை.

டக்.

சக்கரம் திடீரென்று லேசாகி என் கையை விட்டு ஓடப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மழை மட்டும். நான் சக்கரத்தையே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது நீ பேசினாய். “லே, சாணம் எவ்வளவு போடணும்னு கடைசிவரை சொல்லவேயில்லையே.”

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். நீ பிழைத்துவிட்டாய் என்று எனக்குத் தெரிந்தது அந்தச் சாணத்தால்தான்; கொக்கு விட்டுவிட்ட கையை நான் பிறகுதான் பார்த்தேன். தார்ப்பாயை விட்டுவிட்டு நனைந்தபடி ஓடி வந்த சதாசிவன் சேட்டன், உன்னைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். ஆஸ்பத்திரிவரை உன் கையைத் தன் வேட்டியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். மறுநாள் அட்டை செருகும் வழக்கம் அந்த அச்சகத்தில் ஒழிந்தது. கை உள்ளே போகாமலிருக்கப் பெட்டிகளில் மாட்டுகிற, எப்போதோ கழற்றிப் போட்டிருந்த மறைப்புத் தகடுகள் எல்லாம் திரும்ப ஏறின.

எலும்பு கூடியது. மோதிர விரல் மட்டும் மடங்க மறுத்தது. கிறிஸ்துமஸ் ஆராதனையில் நீ வாசித்தாய். இடையிடையே ஒரு சுரம் விழாமல் போனது. வெளியே வந்ததும், “மிஸ் அடிக்குதுலே. டபுள் அடிக்காதவரைக்கும் பரவாயில்ல” என்றாய். பாஸ்டரிடம் கை கொடுக்கும்போது அந்த விரல் நீட்டிக்கொண்டு நிற்கும். அவர் என்னவோ சபையில் சாட்சி சொல்ல எழுந்தவனைப் பார்ப்பதுபோல அதைப் பார்ப்பார்.

கை மாட்டிய அன்றிலிருந்து உன்னைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. நீ கோமாளித்தனம் செய்தால் நலமாக இருக்கிறாய். நேராகப் பேசினால் நான் ஓடி வர வேண்டும். இதை உன்னிடம் ஒருநாள் சொல்லவும் செய்தேன், பழவங்காடி பக்கம் சாயாக் கடையில். “அப்படியாலே?” என்று கேட்டாய். சொன்னது என் முட்டாள்தனம். துப்பாக்கியையும் கொடுத்து, தோட்டாவையும் கொடுத்த மாதிரி.

அடுத்த மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் தேங்கியது. நீ அதில் நடந்துதான் வீட்டுக்குப் போனாய், எல்லோரும்தான் நடந்தோம். உனக்குக் காய்ச்சல். பனிதான், சாரமில்லை என்றார்கள், வெறும் காய்ச்சல், பெரிதாக ஒன்றுமில்லை என்று. பிறகு ஆஸ்பத்திரி. கரமனையில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் காய்ச்சல் என்று அம்மா என்னை வெளியே விடவில்லை. சாயங்காலம் நீயே கூப்பிட்டாய்.

“எலிக்காய்ச்சலாம்லே. வரும்போது ஒரு பூனையப் பிடிச்சிட்டு வா.”

“எப்படி இருக்கு?”

“கண்ணெல்லாம் மஞ்சளாயிட்டு. எனக்கு அச்சுல யெல்லோ பிளேட் மட்டும் ஓவரா ஓடிருக்கு. மத்த மூணு கலரும் லீவு.”

சிரித்தேன். நீயும் சிரித்தாய். நர்ஸ் குரல் கேட்டது. “ஊசி ஆராதனைக்கு டைம்லே, வைக்கேன்” என்று வைத்துவிட்டாய். நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். நாளைக்கு வரும்போது உண்மையாகவே ஒரு பொம்மைப் பூனை வாங்கிக்கொண்டு போகலாம் என்று யோசித்தேன். காலையில் கழக்கூட்டத்திலிருந்து உன் அத்தை மகன் போன் செய்தான். போனை எடுத்ததும் அவன் என் பெயரை மட்டும் சொன்னான்.

அடக்கமெல்லாம் முடிந்த பிறகு சித்தி சொன்னார். நீ என்னைக் கூப்பிட்ட அந்த போனுக்கு முன்னால் உனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததாம். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாயாம். “அவன்கிட்ட நான் சிரிச்சுப் பேசப் போறேன். நீ பக்கத்துல நின்னு அழுது காரியத்தக் கெடுத்துராத” என்று அவரை வெளியே அனுப்பினாயாம்.

லே, இது என்ன விளையாட்டு? நான் கண்டுபிடித்த வழியை என்னிடமிருந்தே எடுத்து, அதையே வைத்து என்னை ஏமாற்றினாய். ஒரு தடவை நேராகப் பேசியிருந்தால் காய்ச்சலோடு காய்ச்சலாக வந்திருப்பேனே. வந்து ஒன்றும் கிழித்திருக்க மாட்டேன். அங்கே சுற்றுவதற்குச் சக்கரம் இல்லை. ஆனாலும் உன் குரலையாவது கேட்டுக்கொண்டு நின்றிருப்பேன்.

உன்னால் எனக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. யாராவது தன் வலியைப் பற்றிச் சிரித்துப் பேசினால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. லதா சேச்சி “நெஞ்சுல கேஸ்தான் மோனே, விட்டா ராக்கெட் ஆவேன்” என்றால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகும்வரை பின்னாலேயே நிற்கிறேன். இப்போது நான் வேலை பார்க்கிற அதே அச்சகத்தில் எனக்குப் பெயர் ‘டாக்டர் சல்லியம்’, தொல்லை டாக்டர். வீட்டிலும் அம்மா என்னைக் கண்டால் இருமலை விழுங்குகிறார்.

இன்று மத்தியானம் வேலை நடுவே சித்திக்குப் போன் செய்தேன்.

“எனக்கென்னலே, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். மழைக்கே என்னக் கண்டா பயம்” என்று சிரித்தார்.

போனை வைத்துவிட்டு சேட்டனிடம் சொல்லிக்கொண்டு கிள்ளிப்பாலத்துக்கு நடந்தேன். கதவு சாத்தி மட்டும் இருந்தது. சித்தி ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நேராக அடுக்களைக்குப் போய் அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று கிடந்தது. சிங்க்கில் ஒரு கண்ணாடி டம்ளர் மட்டும்.

“என்னலே, போலீஸ்காரன் மாதிரி அடுப்பத் தொட்டுப் பாக்க?”

“சாப்பிட்டியளா சித்தி?”

“பின்ன? மீன்கொழம்பு, அவியல், பாயசம். உனக்கு மிச்சம் வைக்கல்ல, அதான் வெசனமா?”

இந்தச் சிரிப்பை நீ எங்கிருந்து படித்தாய் என்று எனக்கு அப்போது விளங்கியது. அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

“சித்தி, சிரிக்காமச் சொல்லுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முகத்தை மாற்றவில்லை. வெளியே ஆட்டோ ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. அவர் சேலை முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தார். ஜன்னலைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய் நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை; உன் அடக்கத்தன்றுகூட வந்தவர்களிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பசிக்குதுலே” என்றார். “ஒருத்திக்கு எப்படிப் பொங்கதுன்னு தெரியல்ல.”

அரிசி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு பேருக்கு உலை வைத்தேன்.